பதிவேட்டின்படி நாலு சதவீதம்

மலைகளின் காலம் முடிந்துவிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலை இதைக் கேட்டுக் கோபித்துக்கொண்டால் நாம் ஒன்றும் செய்வதற்கில்லை. கோடிக்கணக்கான வருடம் ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்து பணிபுரிந்த யாருக்கும் ஒருநாள் ஓய்வு கொடுத்துத்தான் ஆகவேண்டும். இனி ஏற்றம் வேண்டும் என்றால் மனிதன் மலையைத் தேடிப் போகவேண்டாம். ஏற்றம் ஓர் அட்டைப்பெட்டியில், நான்கு திருகாணியும் ஒரு வயரும் சகிதமாக, வீடு தேடி வரும்.

அப்படி வந்த ஓர் ஏற்றம் தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு வராந்தாவில் இறங்கியது. வீட்டுக்காரர் ஜெபசீலன், ஓய்வுபெற்ற உதவிப் பொறியாளர். முப்பத்துமூன்று வருடம் ஒரு சாலை அலுவலகத்தில் ரோடுகளின் ஏற்ற இறக்கம் அளந்தவர். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் ஒரு மறுப்புக் கடிதம் வரும், அப்புறம் அதற்குப் பதில் எழுதவேண்டும். ஓய்வுக்குப் பிறகு அவருக்குச் சர்க்கரை கூடியது. டாக்டர் உடம்பை அசைக்கச் சொன்னார். ஜெபசீலன் உடனே ஒரு கியர் சைக்கிள் வாங்கி, ‘குமரி மூத்தோர் மிதிவண்டிப் பேரவை’யில் சேர்ந்து, சேர்ந்த மூன்றாம் மாதமே அதன் தலைவரும் ஆகிவிட்டார். மெல்பர்னில் இருக்கும் மகன் ஜினோவுக்கு, அப்பா ரோட்டில் ஏதாவது லாரிக்குக் குறுக்கே போய்விடுவாரோ என்று வெப்ராளம். அதனால் வீட்டுக்குள்ளேயே சைக்கிள் சவட்டும் கருவிகளை அனுப்பிவைத்தான்.

கருவியின் மகிமையைச் சொல்லவேண்டும். சைக்கிளின் இரண்டு சக்கரத்தையும் கழற்றிவிட்டுப் பின்பக்கத்தை ஒரு கருவியிலும், முன்பக்கத்தை ‘சாய்வு சிமுலேட்டர்’ என்ற இன்னொரு கருவியிலும் மாட்டவேண்டும். போனில் உள்ள ஆப் ஏற்றம் என்று சொன்னால் சிமுலேட்டர் முன்பக்கத்தைத் தூக்கும், பின்கருவி மிதியைக் கடினமாக்கும். இறக்கம் என்றால் தாழ்த்தும். இந்த இரண்டு வேலைக்காக மனிதகுலம் இத்தனை நூற்றாண்டு காத்திருந்தது. ஆனால் ஏறுவதற்கு முன் கருவிக்குச் சில அளவுகளைச் சொல்லிக்கொடுக்கவேண்டும். ஜெபசீலன் அதற்கென ஒரு புது டைரி போட்டு, முதல் பக்கத்தில், ‘பொருள்: சாய்வு சிமுலேட்டர் நிறுவுதல் – அளவுகள் ஊட்டுதல் – தொடர்பாக’ என்று எழுதி அடிக்கோடிட்டார்.

போனை வாசித்துச் சொல்லும் பணி மனைவி பூங்கனிக்கு. அவரும் ஓய்வுபெற்றவர், அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

“சமதளத்துலதான் வச்சிருக்கீங்களான்னு கேக்குது.”

“ஆமான்னு அமுக்கு.”

“பாக்காமலா?”

“பாக்கதுக்கு என்ன இருக்கு? வீட்டுப் பிளான்ல வராந்தா சமதளம்னு போட்டிருக்கு. பிளான் நான் வரஞ்சதாக்கும்.”

“இங்க பாருங்க, மழ வெள்ளம் முற்றத்துக்கு ஓடணும்னு கொத்தனார் சரிச்சுப் போட்ட தரையில்லா இது? ஒரு எலுமிச்சம்பழம் விழுந்தா உருண்டு வாசல் கேட்டுக்கிட்ட போயில்லா நிக்குது.”

“எலுமிச்சம்பழம் அங்கீகரிக்கப்பட்ட அளவுகருவி இல்ல பூங்கனி.”

தரையின் மட்டம் பார்க்கும் ரசமட்டம் என்று ஓர் அங்கீகரிக்கப்பட்ட கருவி வீட்டிலேயே இருந்தது. அலமாரியைத் திறந்தால் போதும். ஆனால் அளந்து பார்ப்பது என்பது பிளானைச் சந்தேகிப்பது. பிளானைச் சந்தேகிப்பது அதில் கையெழுத்திட்டவரைச் சந்தேகிப்பது. கையெழுத்திட்டவர் வராந்தாவில் அரைக்கால் சட்டையோடு நின்றுகொண்டிருந்தார். பூங்கனி ஆமென்று அமுக்கினார்.

“எடை கேக்குது.”

“அறுபத்தொண்ணு.”

பூங்கனி கண்ணாடிக்கு மேலே கண்ணை உயர்த்தினார். “யாருக்கு?”

“எனக்குத்தான். வேலையில சேரும்போ எடுத்த உடல்தகுதிச் சான்றிதழ்ல உள்ளது. அதுக்குப் பொறவு அதிகாரபூர்வமா யாரும் எடுக்கல்ல.”

“போன வாரம் நான் ஆஸ்பத்திரியில வச்சு எடுத்தேன்லா! தொண்ணூத்தி நாலு.”

“சீட்டு எழுதித் தந்தாங்களா?”

“இல்ல.”

“பின்ன?”

பூங்கனி அறுபத்தொன்று என்று அமுக்கினார். கருவி ‘கிணுங்’ என்று ஒரு சத்தம் கொடுத்து ஏற்றுக்கொண்டது. ஜெபசீலனுக்கு மனசு நிறைந்துவிட்டது. முப்பத்துமூன்று வருடத்தில் அவருக்குக் கீழே எத்தனையோ பேர் வேலை பார்த்தார்கள். ஒருவனாவது இப்படி உண்டா? ‘சார், ஒரு தடவ போய்ப் பாத்துட்டு எழுதவா?’ என்று கேட்டு உயிரை வாங்கியவர்கள்தான் அதிகம். இந்தக் கருவி ஒன்றும் கேட்கவில்லை. சொன்னதை நம்பியது, நம்பியபடி நடந்தது. பதவி உயர்வு கொடுக்க வழியிருந்தால் அன்றைக்கே கொடுத்திருப்பார்.

கடைசியாக, எந்த ஏற்றத்தில் ஏறப்போகிறார் என்பது. ஆப்பில் சுவிட்சர்லாந்து, பிரான்சு என்று ஏகப்பட்ட மலைகள் இருந்தன. ஜெபசீலன் அவற்றைத் தள்ளிவிட்டார். நம் மாவட்டத்தில் இல்லாத ஏற்றமா? பேச்சிப்பாறை போகும் வழியில் பிரிந்து, ரப்பர் தோட்டத்துக்குள் ஏறும் கூவைக்காட்டுக்கோணம் ரோடு இருக்கிறதே. முக்கால் கிலோமீட்டர். அவரே அளந்து, அவரே கையெழுத்திட்ட ரோடு. வீடியோ காலில் வந்த ஜினோ, ஒன்றும் போட வேண்டாம், ஊர்ப்பெயரைச் சொன்னால் ஆப்பே சாட்டிலைட்டிலிருந்து அளவை எடுத்துக்கொள்ளும் என்றான். எடுத்தது. பதினாறு சதவீதம் என்று காட்டியது.

“ஏலே, பதினாறா? நூறு அடி போனா பதினாறு அடி ஏறுமா? அது என்ன ரோடா, ஏணியா? நாலாக்கும் மக்கா. பதிவேட்டுல நாலு.”

“சாட்டிலைட் பொய் சொல்லுமா அப்பா?”

“பொய் சொல்லாது. தப்பாப் புரிஞ்சிருக்கும். மேல நின்னு பாக்கும்போ அதுக்கு ரப்பர் மரத்தோட உச்சிதான் தெரியும். மரம் வளந்திருக்கு. அது ரோடு வளந்ததா நெனச்சுக்கிட்டு. ஆகாசத்துல நிக்கவனுக்குத் தரையில உள்ள சங்கதி என்ன தெரியும்?”

“நீங்க அங்க போய் அளந்தீங்களா அப்பா?”

“நெட்வொர்க் சரியில்ல மக்கா. பொறவு பேசுகேன்” என்று ஜெபசீலன் போனை வைத்தார். பதினாறை அழித்துவிட்டு நாலு என்று போட்டார். கருவி கிணுங்கியது.

அந்த நாலு பிறந்த கதை இது. பதினெட்டு வருடத்துக்கு முன்னால் ஓர் ஆடி மாதம், நல்ல சாரல். அளவெடுக்கக் கிளம்பிய ஜீப் ஏற்றத்தின் அடிவாரத்தில் ஒரு சாயாக்கடையோடு நின்றது. ஜெபசீலன் இறங்கி, ரசவடை இரண்டும் ஒரு சாயாவும் எடுத்துக்கொண்டு, பெஞ்சில் அமர்ந்தபடியே ‘ஆய்வு’ மேற்கொண்டார். “ஏற்றம் எப்பிடிடே?” என்று கடைக்காரனிடம் கேட்டார். “மனுசன் ஏறத்தான் செய்யான் சார்” என்றான் அவன். நிபுணர் கருத்து கிடைத்துவிட்டது. ஐந்துக்கு மேல் எழுதினால் கோப்பு திரும்பி வரும், மலையை வெட்டவேண்டும், வளைவு கூட்டவேண்டும், இன்னும் மூன்று தடவை மழையில் வரவேண்டும். ஒரு கோப்பை அப்படி அலைக்கழிக்க அவருக்கு மனசு வரவில்லை, இளகிய சுபாவம். நாலு என்று எழுதினார். எழுதி, கையெழுத்திட்டு, முத்திரை வைத்து, பத்து வருடம் கழிந்தபோது அவருக்கே அது நாலுதான். அளக்கவில்லை என்பது மறந்துபோய், அளந்த நாளின் வெயில்கூட ஓர்மைக்கு வர ஆரம்பித்துவிட்டது.

மூன்று மாதம் பயிற்சி நடந்தது. காலை ஆறு மணிக்குக் கூவைக்காட்டுக்கோணம் ஏறுவார், ஆறு ஐந்துக்கு உச்சியில் இருப்பார். ஏறும்போது சர்ச் பாட்டுப் புத்தகமான பாமாலையில் இரண்டு பாட்டு முழுசாகப் பாடவும் மூச்சு மிச்சமிருந்தது. சைக்கிள் கேட்டைப் பார்த்து நின்றது, வராந்தா கேட்டைப் பார்த்துச் சரிந்திருந்தது. ஆகவே நாலு சதவீதம் என்று கருவி முன்பக்கத்தைத் தூக்கியபோது சைக்கிள் மிகச் சரியாகச் சமதளத்தில் நின்றது. அறுபத்தொரு கிலோ ஆளுக்கு எவ்வளவு மிதி கடினமாக வேண்டுமோ அவ்வளவே கடினமானது. உலகத்திலேயே முழங்கால் நோகாமல் மலையேறிய மனிதர் இவர் ஒருவர்தான்.

பேரவையின் பொதுக்குழு தக்கலையில் ஒரு சாயாக்கடை மாடியில் கூடியது. உறுப்பினர்கள் பதினாலு பேர், எல்லோருமே எங்காவது ஓய்வுபெற்றவர்கள். செயலாளர் சுயம்புராஜ் முன்னாள் தலைமை எழுத்தர். கூட்டத்தில் தும்மினாலும் அதை மினிட்ஸில் ஏற்றிவிடும் நேர்மையாளர். ஆண்டு சவாரியைக் கூவைக்காட்டுக்கோணம் ஏற்றத்தில் நடத்தலாம், நானே முன்னால் போகிறேன் என்று ஜெபசீலன் முன்மொழிந்தார்.

“ஓய் ஜெபசீலன், போன்ல பதினாறுன்னு காட்டுதே!” என்றார் சுயம்புராஜ்.

“பதிவேட்டுல நாலு.”

“ஆட்டோக்காரனுவ அந்தப் பக்கமே போகமாட்டோம்ங்கானுவளே?”

“ஆட்டோக்காரன் டிப்ளமா படிச்சிருக்கானா?”

“நமக்கு வயசாயிட்டு ஓய். நெஞ்சு கிஞ்சு அடச்சிட்டுன்னா…”

ஜெபசீலன் எழுந்து நின்றார். அளந்தவன் இருக்கும்போதே அளவைச் சந்தேகிக்கிறார்களே என்று மனசு கொதித்தது. “அந்த ஏத்தத்துல நான் ஒரு தடவ கால் ஊன்றினேன்னா, சாட்டிலைட் சொல்லுகதுதான் சரின்னு என் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாறேன். எழுதும் ஓய் மினிட்ஸ்ல!”

சுயம்புராஜ் எழுதினார். ‘தீர்மானம் எண் 3. மேற்படி ஏற்றத்தில் தலைவர் அவர்கள் கால் ஊன்றும் பட்சத்தில்…’ என்று தொடங்கி, ஏகமனதாக நிறைவேறியது. அன்றைக்கே வாட்ஸப்பில் தீர்மானத்தோடு அறிவிப்பு போனது. எங்கெல்லாமோ சுற்றி அது கூவைக்காட்டுக்கோணத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் சுயம்புராஜின் போன் அடித்தது. “சார், நான் கூவைக்காட்டுக்கோணம் மெம்பர் ஞானபாய் பேசுகேன்.” ஞானபாய்க்குப் பஞ்சாயத்துப் பதவிக்காலம் எப்போதோ முடிந்துவிட்டது, ஆனால் ஊர் இன்னும் மெம்பர் என்றுதான் கூப்பிட்டது. “என்ஜினீயர் சார் நேரா எங்க ஊருக்கு வாறாங்களா? உறுதிதானா? நல்ல காரியம். சாயா, குடிக்க வெள்ளம், சுக்குக்காப்பி எல்லாம் நாங்க பாத்துக்கிடுகோம். அந்தத் தீர்மானத்துக்கு ஒரு காப்பி மட்டும் அனுப்பித் தாருங்க.”

ஞானபாய்க்குத் தீர்மானம் எதற்கு? அந்த ரோட்டில் ஆட்டோ ஏறாது, ஆம்புலன்ஸும் அடிவாரத்தோடு நிற்கும். ரோட்டை வளைத்துப் போட்டு ஏற்றத்தைக் குறைத்துத் தாருங்கள் என்று ஊர் பதினொரு தடவை மனு கொடுத்தது. பதிவேட்டின்படி நாலு சதவீதம், குறை ஏதுமில்லை என்று பதினொரு தடவையும் ஜெபசீலன் கையெழுத்திலேயே பதில் வந்தது. இப்போதிருக்கும் அதிகாரி கொஞ்சம் இரக்கப்பட்டு, ‘பதிவேட்ட எதிர்த்து நாங்க ஒண்ணும் செய்ய முடியாதும்மா, அளந்தவரே தப்புன்னு எழுதித் தந்தா வேற விசயம்’ என்று சொல்லியிருந்தார். அளந்தவர் இப்போது தானாக வருகிறார், சைக்கிளில்.

சனிக்கிழமை காலை அடிவாரத்தில் பதினாலு சைக்கிள் நின்றன. ஜெபசீலன் தலையில் ஹெல்மெட், காலில் மிதியோடு பூட்டிக்கொள்ளும் புது ஷூ. குதிகாலைத் திருகினால்தான் அந்த ஷூ மிதியை விடும், வீட்டில் இறங்கும்போது பூங்கனிதான் திருகிவிடுவார். பூங்கனி பின்னால் ஆட்டோவில் வந்தார். ஆட்டோக்காரர் அடிவாரத்தில் நிறுத்தி, “இதுக்கு மேல வண்டி ஏறாது அக்கா, நடந்து போங்க” என்றார். பூங்கனி இறங்கி ஏற்றத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

தலைவர் கிளம்பினார். முதல் மின்கம்பம் வரை பாமாலை கேட்டது. அப்புறம் ராகம் மட்டும் வந்தது. இரண்டாவது கம்பத்தில் அதுவும் நின்று, வேறொரு சத்தம் வந்தது. முன்சக்கரம் அவர் மூக்குக்கு நேராக எழும்பி வந்துகொண்டிருந்தது. அளவு ஏதோ தப்பாக ஊட்டியிருக்கிறது என்று ஜெபசீலன் முதலில் நினைத்தார், மலைக்கு. அடுத்ததாகக் கியரைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். பிறகு குறைக்கக் கியர் இல்லை. மூன்றாவது கம்பத்தை எட்டுமுன் சைக்கிள் நின்றது. நின்ற சைக்கிள் பின்னோக்கி நகர ஆரம்பித்தது. இரண்டு காலும் மிதியோடு பூட்டிக் கிடக்கின்றன.

“ஏட்டி, கல்லு! கல்லு கொண்டு வா!” என்று ரோட்டோர வீடொன்றிலிருந்து ஒரு குரல் கத்தியது.

கூவைக்காட்டுக்கோணத்தில் ரோட்டோர வீடு ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு கல் கிடக்கும். ஏற்றத்தில் திணறிப் பின்னால் உருளும் வண்டிக்குச் சக்கரத்தில் கொடுக்க. யார் வீட்டுக்கு நேராக வண்டி நிற்கிறதோ அந்த வீட்டார் கல் கொண்டு ஓடவேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். இரண்டு பெண்கள் முந்தானையைச் செருகிக்கொண்டு ஓடிவந்து பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார்கள். சைக்கிள் நின்றுவிட்டது. ஜெபசீலன் நிற்கவில்லை. சைக்கிளோடு சேர்ந்தே, பலாப்பழம் சரிவதுபோல மெதுவாகப் பக்கவாட்டில் சரிந்து ரோட்டில் படுத்தார்.

சைக்கிளை உருட்டிக்கொண்டு பேரவை வந்து சேர்ந்தது. ஞானபாயும் ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்து சேர்ந்தார். கவருக்குள் வெள்ளைத்தாள், பேனா, தீர்மானத்தின் நகல்.

“சார், மொதல்ல சாயா குடிங்க. பைய எழுதித் தந்தா போதும்.”

“மெம்பரே, கொஞ்சம் பொறும்.” சுயம்புராஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து, தலைவரின் பாதங்களை ஆராய்ந்தார். “தீர்மானத்துல ‘கால் ஊன்றினால்’னுதான் இருக்கு. ஷூ ரெண்டும் மிதியிலதான் இருக்கு, எல்லாரும் பாத்துக்கிடுங்க. இவரு ஊன்றினது இடுப்பு. இடுப்பப் பத்தித் தீர்மானத்துல ஒரு வார்த்த இல்ல.”

“அப்போ கையெழுத்து?”

“சட்டப்படி வேண்டாம்.”

கீழே கிடந்தபடியே ஜெபசீலனுக்கு ஒரு நிம்மதி வந்தது. ஆகா, இதுவல்லவா நிர்வாகம்! ஆபீஸில் இப்படி ஒரு தலைமை எழுத்தர் கிடைத்திருந்தால் தலைமைப் பொறியாளராகவே ஓய்வுபெற்றிருக்கலாம். விழுந்ததை எப்படி எழுதலாம் என்றுகூட மனசுக்குள் வாசகம் ஓடியது. ‘தலைவர் அவர்கள் சாலையின் மேற்பரப்பை அருகிலிருந்து பார்வையிட்டார்.’

அப்போது மேலேயிருந்து ஒரு சத்தம் வந்தது. “வழி, வழி!”

நான்கு பேர் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நாற்காலியில் வயதான ஓர் அம்மா, மடியில் ஆஸ்பத்திரிச் சீட்டு, விழுந்துவிடாமல் ஒரு தோர்த்துத் துண்டால் நாற்காலியோடு கட்டியிருந்தார்கள். நாற்காலியின் முன்காலைப் பிடித்தவர் மரியஜான், அந்த அம்மாவின் மகன். கீழே கிடப்பவர் யார், எதற்குக் கிடக்கிறார் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை.

“சார், தலைய மட்டும் கொஞ்சம் ஒதுக்குங்க. அம்மைக்கு இன்னைக்கு டயாலிசிசு. வாரம் மூணு தடவ எறக்கி ஏத்தணும்.”

ஜெபசீலன் தலையை ஒதுக்கினார். நாற்காலிக் கால் அவர் காதோரமாகப் போனது. சுமப்பவர்கள் பின்னால் சாய்ந்து, பாதத்தைக் குறுக்கே வைத்து, படி இறங்குவதுபோல இறங்கினார்கள். ரோட்டில் தலைவைத்துப் படுத்திருந்தவருக்கு அந்தச் சரிவு அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அறுபத்திரண்டு வயதில், ஊர் பார்க்க, அரைக்கால் சட்டையில் விழுந்துகிடக்கும் வெட்கம் அல்ல, அதைத்தான் ஏற்கெனவே பட்டாயிற்றே. இது வேறு. அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டார்.

ஒரு கையை முட்டில் ஊன்றி, மூச்சு வாங்கிக்கொண்டு பூங்கனி வந்து சேர்ந்தார். குனிந்து அவர் கழுத்தையும் இடுப்பையும் தொட்டுப் பார்த்தார். “ஒண்ணும் ஒடியல்ல. எழும்புங்க” என்று ஷூவின் குதிகாலைத் திருகிவிட்டார். பிறகு மெல்லச் சொன்னார்: “நாலாம், நாலு! எனக்கே முட்டு இத்துப்போச்சு.”

ஜெபசீலன் எழுந்து உட்கார்ந்தார். “மெம்பரே, அந்தப் பேனாவத் தாருங்க.”

“ஓய், சட்டப்படி அவசியம் இல்லன்னு சொன்னேன்லா?” என்றார் சுயம்புராஜ்.

“நீரு சும்மா கிடயும் ஓய்!”

தாளை முழங்காலில் வைத்துக்கொண்டார். முப்பத்துமூன்று வருடக் கை, யோசிக்கவேண்டிய தேவை அதற்கு இல்லை. தேதி போட்டது, பொருள் போட்டது, அடிக்கோடிட்டது. ‘மேற்படி சாலையை நான் நேரில் ஆய்வு செய்ததில்’ என்று தானாகவே எழுதியது. எழுதிய இடத்தில் நின்றுவிட்டது. பேனாவை எடுக்கவும் முடியவில்லை, நகர்த்தவும் முடியவில்லை.

ஞானபாய் எட்டிப் பார்த்தார்.

“ஏன் சார் நிறுத்தீட்டீய? எழுதுங்க. இந்த வரி எங்க ஊருக்கே மனப்பாடமாக்கும். பதினொரு பதில்லயும் இதத்தான் மொதல்ல எழுதியிருந்தீய. இன்னைக்குத்தான் சார் உள்ளத எழுதுகீய.”